சொந்த உலகத்துக்கு இனங்கள்: +2 எங்கே வைப்பது, சிறகு எந்த லெவலில் கொடுப்பது?

எட்டுமுகம்:

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதைசொல்லும் பகடை விளையாட்டு, 5ஆம் பதிப்பு, 2014 விதிகள். லெவல் 1ல் தொடங்கி 10 வரை போகிற கேம்பெய்ன் (பல செஷன் நீளும் தொடர்கதை), 4 பிளேயர்கள். உலகம் சொந்தமாக எழுதியது: பிளந்து கிடக்கிற மலைத்தொடர், ஊருக்கு ஊர் கயிற்றுப் பாலம், அடிவாரத்தில் சதுப்பு. எல்ஃப், டுவார்ஃப் கிடையாது. மனிதர்களோடு இன்னும் 3 இனம்தான். இப்போதைய வரைவு:

பாறையர்: டெக்ஸ் (சுறுசுறுப்பு) +2, பறக்கும் வேகம் 30 அடி.
குகையர்: ஸ்ட்ரெங்த் (வலிமை) +2, கான் (உடல் உறுதி) +1, இன்ட் (அறிவு) -2, டார்க்விஷன் (இருட்டில் பார்வை).
சதுப்பர்: ஸ்மால் (சிறிய) உருவம், விஸ்டம் (விவேகம்) +2, நீருக்குள் மூச்சு விடலாம்.

4 பேரில் 2 பேருக்குப் பறக்கிற ஆள்தான் வேண்டும். குகையர் விஸார்ட் (மந்திரவாதி) ஆட நினைத்தவர் இன்ட் -2 பார்த்ததும் பின்வாங்கிவிட்டார். சதுப்பரை யாரும் சீண்டவில்லை. மூன்றையும் தேடி எடுக்கிற மாதிரி எப்படி ஆக்குவது?

கல்பாலம்:

முதலில் அந்த -2ஐ எடுத்துவிடுங்கள். பாயின்ட் பை முறையில் (புள்ளி கொடுத்துத் திறன் எண்களை வாங்குவது) மொத்தம் 27 புள்ளி. அதில் 9 கொடுத்து இன்ட் 15 வாங்குகிறவருக்கு உங்கள் விதிப்படி மிஞ்சுவது 13, அதாவது கணக்கில் கூட்டுவது +1 மட்டும். அவருடைய ஸ்பெல் சேவ் டிசி (மந்திரத்திலிருந்து தப்ப எதிரி எட்ட வேண்டிய எண்) 11. இன்ட் +2 வாங்கும் நோம் இன விஸார்ட் 17ல் நிற்பார், டிசி 13. லெவல் 1ல் இரண்டு புள்ளி வித்தியாசம் என்றால், எறிகிற ஒவ்வொரு மந்திரத்துக்கும் எதிரி தப்பிக்க 10 சதவீதம் கூடுதல் வாய்ப்பு. 8ஆம் லெவல் வரை ஏற்றம் அத்தனையையும் இன்ட்டிலேயே போட்டாலும் 17தான் வரும். உங்கள் பிளேயர் பின்வாங்கியதில் தப்பே இல்லை. வெளியீட்டாளர்களே இதைக் கைவிட்டார்கள்: 2016ல் வந்த வோலோஸ் கைடு விதிநூலில் ஓர்க்குக்கு இன்ட் -2, கோபால்டுக்கு ஸ்ட்ரெங்த் -2 இருந்தது, 2020ல் திருத்தம் போட்டு இரண்டையும் நீக்கினார்கள்.

+2க்கும் இதே கணக்குதான். ஸ்ட்ரெங்த் 15 உள்ள ஃபைட்டர், லாங்ஸ்வார்ட், எதிரியின் ஏசி (அடி படத் தாக்குகிறவர் எட்ட வேண்டிய எண்) 13. இனத்தின் +2 இல்லாவிட்டால் டி20ல் (20 முகப் பகடை) 9 விழ வேண்டும், 60 சதவீதம். சராசரி டேமேஜ் 6.5, ஆக ஒரு அடிக்கு 3.9. +2 இருந்தால் 8 போதும், 65 சதவீதம், டேமேஜ் 7.5, ஒரு அடிக்கு சுமார் 4.9. கிரிட்டிக்கலை (20 விழுந்தால் கூடும் டேமேஜ்) சேர்க்காமலே கால் பங்கு கூடுதல். இவ்வளவு இடைவெளி இருக்கும்போது ஃபைட்டர் என்றாலே ஹாஃப்-ஓர்க் என்று ஆகிவிடுவது இயல்பு. தேர்வு பெயருக்குத்தான் இருக்கும்.

ஆகவே ஸ்டாட் (திறன் எண்) உயர்வை இனத்திலிருந்து பிரித்து, +2, +1 இரண்டையும் பிளேயர் விரும்பிய இடத்தில் வைக்கவிடுங்கள். 2020ன் டாஷாஸ் கால்ட்ரன் விதிநூல் இதை விருப்ப விதியாகத் தந்தது. 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் ஒரு படி மேலே போய் உயர்வை பேக்கிரவுண்டிடமே (பாத்திரத்தின் முன்வாழ்க்கை) கொடுத்துவிட்டது.

ஆனால் பிரித்த பிறகு மிச்சமிருப்பதைத் திரும்பவும் எடை போட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மவுன்டன் டுவார்ஃபைப் பாருங்கள்: ஸ்ட்ரெங்த் +2, கான் +2, அதோடு மீடியம் ஆர்மர் (நடுத்தரக் கவசம்) பயிற்சி. ஃபைட்டருக்கு அந்தப் பயிற்சி ஏற்கெனவே உண்டு, விஸார்டுக்கு ஸ்ட்ரெங்த் பிரயோஜனமில்லை. அதனால் 2014ல் சமநிலை நின்றது. டாஷா விதியில் அந்த +2ஐ இன்ட்டுக்கு நகர்த்தினால், 50 தங்கத்துக்கு ஸ்கேல் மெயில் வாங்கி டெக்ஸ் 14 உள்ள விஸார்ட் ஏசி 16ல் நிற்கிறார், ஒரு ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) கூடச் செலவில்லாமல். அதனால் எல்லா இனத்துக்கும் ஒரே +2/+1 வையுங்கள். ஆர்மர் பயிற்சியை இனத்துக்குக் கொடுக்கவே வேண்டாம்.

திசைகாட்டி:

ஸ்டாட் பத்தி மேல சொன்னது சரி. நான் சிறகுக்கு வர்றேன், உங்க உலகத்துக்கு அதுதான் பெரிய சிக்கல்.

நீங்க எழுதினது பிளந்த மலையும் கயிற்றுப் பாலமும். 30 அடி பிளவைத் தாண்டணும்னா ஸ்ட்ரெங்த் 15 ஆள் ஓடிவந்து குதிச்சாலும் 15 அடிதான். கயிறு, ஆணி, யார் முதல்ல போறதுங்கிற பேச்சு, எல்லாமே அந்த இடைவெளியாலதான் வருது. லெவல் 1ல 30 அடி பறந்தா கயித்தோட ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போய்க் கட்டிடுவாங்க. அவ்வளவுதான், முடிஞ்சது. சண்டையும் அப்படியே. ஓநாய்க்குத் தூரத்துத் தாக்குதல் கிடையாது. 40 அடி உயரத்துல நின்னு லாங்போ விட்டா, எத்தனை ஓநாய் வந்தாலும் பறக்கிறவருக்கு ஆபத்தே இல்லை. கீழ நிக்கிற மத்தவங்கதான் கடி வாங்குவாங்க. அப்புறம் நீங்க எல்லா எதிரி கையிலயும் வில்லைக் கொடுப்பீங்க. அது பிளேயரோட தேர்வுக்கே தண்டனை கொடுக்கிற மாதிரி ஆயிடும்.

அதுக்காகத் தடை போடவும் வேண்டாம். படிப்படியா கொடுங்க.

லெவல் 1: சறுக்கிப் பறக்கிறது மட்டும். விழும்போது 100 அடி வரைக்கும் டேமேஜ் கணக்குல கழிச்சுக்கலாம், 1 அடி இறங்கினா 2 அடி முன்னால போகலாம். சிமிக் ஹைப்ரிட்ங்கிற இனத்தோட மான்டா கிளைட் இதே அளவுதான். மேலே ஏற முடியாது, ஆனா உயரமான இடத்துல இருந்து எங்கே வேணாலும் போகலாம். உங்க மலைக்கு இது ரொம்பப் பொருந்தும், ஏன்னா ‘முதல்ல எப்படி ஏறுறது’ங்கிற கேள்வி அப்படியே உயிரோட இருக்கும்.

லெவல் 3: தன்னோட டர்ன்ல 30 அடி பறக்கலாம், டர்ன் முடியும்போது தரையில நிக்கலைன்னா விழுவாங்க. அப்பவும் சறுக்கி இறங்கலாம்.

லெவல் 5: முழுப் பறத்தல். விஸார்டுக்கு ஃப்ளை மந்திரம் கிடைக்கிற லெவல் இதுதான், அதனால யாரும் முந்திக்கிட்ட மாதிரி ஆகாது. 2024 விதியில டிராகன்பார்ன் இனத்துக்கும் லெவல் 5லதான் சிறகு முளைக்குது, 10 நிமிஷம், லாங் ரெஸ்டுக்கு (நீண்ட ஓய்வு) ஒரு தடவை.

மீடியம், ஹெவி ஆர்மர் போட்டா பறக்க முடியாதுன்னு எழுதிடுங்க, ஆராகொக்ராங்கிற பறவை இனத்துக்கும் அப்படித்தான். இன்னொண்ணு நிறைய டேபிள்ல மறந்துபோகுது: பறக்கிறவரை ப்ரோன் (கவிழ்ந்து கிடக்கிற நிலை) ஆக்கினாலோ வேகத்தை 0 ஆக்கினாலோ விழுவாரு, 10 அடிக்கு 1டி6 (ஒரு ஆறு முகப் பகடை) டேமேஜ். முழுப் பறத்தல் வந்தப்புறமும் சறுக்கு வேலை செய்யுமான்னு இப்பவே முடிவு பண்ணுங்க. என் கருத்து, ப்ரோன்னா செய்யாது. இல்லைன்னா கவிழ்த்துவிட்டாக்கூட அந்த ஆளைத் தொட முடியாது.

மசிக்கூடு:

குகையரின் டார்க்விஷன் பற்றி ஒரு எச்சரிக்கை. முழு இருட்டு அவர்களுக்கு மங்கலாகத் தெரியும், பகலாகத் தெரியாது. கண்ணால் பார்க்கிற பெர்செப்ஷனுக்கு (கவனிக்கும் திறன்) டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுப்பது), பாசிவ் (உருட்டாமலே எடுக்கும் எண்) என்றால் -5. பாசிவ் 13 உள்ளவர் பந்தமில்லாமல் நடந்தால் 8தான், டிசி 10 பொறியைக் கூடப் பார்க்கமாட்டார். இதைக் கடைப்பிடித்தால் 1 செம்புக் காசுப் பந்தத்துக்கு மரியாதை வரும்: 20 அடி வெளிச்சம், அடுத்த 20 அடி மங்கல், 1 மணி நேரம் எரியும். ஏற்றினால் எதிரி பார்ப்பான், அணைத்தால் பொறி தெரியாது. 2014 புத்தகத்தின் 9 இனத்தில் டார்க்விஷன் இல்லாதவை மனிதன், ஹாஃப்லிங், டிராகன்பார்ன் மட்டுமே, அதனால் அங்கே அது எவரையும் தனித்துக் காட்டுவதில்லை. உங்களிடம் ஒரே இனத்துக்குத்தான் இருக்கிறது. யாருக்கும் பரப்பிவிடாதீர்கள்.

சதுப்பரை ஏன் யாரும் எடுக்கவில்லை? நீருக்குள் மூச்சு எத்தனை செஷனில் பயன்படும் என்று எண்ணிப் பாருங்கள். நீச்சல் வேகம் 30 அடி சேருங்கள், சேறும் ஆழமில்லாத நீரும் அவர்களுக்கு டிஃபிகல்ட் டெரெய்ன் (பாதி வேகமே கிடைக்கும் நிலம்) ஆகாது என்றும் எழுதுங்கள். உங்கள் அடிவாரம் முழுக்கச் சதுப்பு; மற்றவர் 15 அடி போகும் இடத்தில் இவர் 30 அடி போவார். அது ஒவ்வொரு சண்டையிலும் கண்ணுக்குத் தெரியும்.

உடம்போடு வருவதையும் வளர்ப்பில் வருவதையும் பிரித்து எழுதுங்கள். சிறகு, மூச்சு, இருட்டில் பார்வை உடம்பைச் சேர்ந்தவை. வில் பயிற்சி, மொழி, கைத்தொழில் ஊரைச் சேர்ந்தவை. அவை பேக்கிரவுண்டுக்குப் போகட்டும். அப்போதுதான் சதுப்பில் வளர்ந்த குகையர் என்று ஒருவரை உருவாக்க முடியும், குகையர் எல்லாரும் மந்தபுத்திக்காரர் என்ற எழுத்தும் தானாக மறையும். பாத்ஃபைண்டர் 2 என்ற இன்னொரு விளையாட்டில் இது அழகாக வந்திருக்கிறது: ஆன்செஸ்ட்ரி ஃபீட் (இனத்துக்கான சிறப்புத் திறன்) 1, 5, 9, 13, 17 லெவல்களில் கிடைக்கிறது, அதனால் ஒரே இனத்தின் இருவர் லெவல் ஏற ஏற வேறு வேறு ஆளாகிறார்கள்.

கேரக்டர் ஷீட்டில் தமிழில் எழுதுவதாக இருந்தால் ‘இனம்’ என்பதைவிட ‘மரபு’ நல்லது. ‘குலம்’ வேண்டவே வேண்டாம். நம் காதில் அது சாதியாகத்தான் விழும்.

எட்டுமுகம்:

மூவருக்கும் நன்றி. திருத்திய வரைவு: எல்லாருக்கும் +2/+1 விருப்பப்படி. பாறையருக்கு 1, 3, 5 லெவல்களில் சிறகு, ப்ரோன் ஆனால் சறுக்கு கிடையாது. குகையருக்கு டார்க்விஷன் 60 அடி, சுமை தூக்குவதில் ஒரு அளவு பெரியவராகக் கணக்கு. சதுப்பருக்கு நீச்சல், மூச்சு, சேற்று நடை. ஒரு பிளேயர் இப்போதே சதுப்பர் ரேஞ்சர் (வனவீரர்) கேட்டுவிட்டார், டெக்ஸ் +2, லாங்போ. மனிதர்களுக்கு வேரியன்ட் ஹியூமன் கொடுக்கலாமா?

கல்பாலம்:

கொடுக்கலாம், +2/+1க்குப் பதிலாக அவர்களுக்கு +1, +1, ஒரு ஸ்கில், ஒரு ஃபீட். ஆனால் லெவல் 1ல் ஷார்ப்ஷூட்டர், கிரேட் வெப்பன் மாஸ்டர், போலார்ம் மாஸ்டர் என்ற மூன்று ஆயுத ஃபீட்டையும் விலக்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மூடிய கால் பங்கு இடைவெளி வேறு வாசலில் உள்ளே வரும்.

ரேஞ்சரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: 2014 விதியில் லாங்போ ஹெவி ஆயுதம், ஸ்மால் உருவத்துக்கு ஒவ்வொரு எய்தலும் டிஸ்அட்வான்டேஜ். ஷார்ட்போ எடுக்கட்டும், 1டி6, 80/320 அடி (80 வரை சாதாரணம், 320 வரை டிஸ்அட்வான்டேஜ்). சேற்றில் 30 அடி நகர்கிறவருக்கு அந்தத் தூரம் தாராளம்.