மாடி வீட்டு அன்ரிக்குத் தீபாவளி வெடி தாங்காது, என்ன செய்யலாம்?

வளசை வீட்டுக்காரி (9 அக்டோபர் 2024)

வளசரவாக்கத்தில் எங்கள் மாடி போர்ஷனில் ஒரு ஈழத்து அம்மாவும் மகளும் 4 வருஷமாகக் குடியிருக்கிறார்கள். நாங்கள் அன்ரி என்று கூப்பிடுவோம், அவர் பழக்கிவிட்டது அப்படி. கிளிநொச்சிப் பக்கம். போர் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தருகே மகனைக் கடைசியாகப் பார்த்தாராம். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

போன வாரம் மயிலாப்பூர் கூட்டிப் போனேன். தெற்கு மாட வீதியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது, மெரினா சாகச நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்த்த விமானம் ஒன்று தலைக்கு மேலே கிழித்துக்கொண்டு போனது. "கிபிர்! விழுந்து படு!" என்று கத்திய அன்ரி (கிபிர் என்பது அங்கே குண்டு போட்ட போர் விமானமாம்), என் 6 வயது மகளை இழுத்துத் தள்ளுவண்டிக்கு அடியில் போட்டு, மேலே கவிழ்ந்து படுத்துவிட்டார். அரைக்கீரைக் கட்டெல்லாம் ரோட்டில். திட்ட வாயெடுத்த கீரைக்காரம்மா, அவர் கை நடுங்குவதைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அன்றிலிருந்து அன்ரி கீழே இறங்கவில்லை. "பிள்ளையைக் காயப்படுத்திட்டன்" என்பதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வருஷம் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கவுன்சிலிங்குக்கு அழைத்துப் போனதும் நான்தான். அங்கே முதல் நாளே, "ஆரம்பத்திலிருந்து எல்லாத்தையும் சொல்லுங்க, மனசு லேசாகும்" என்றார்களாம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. இப்போது டாக்டர் என்றாலே தலையை ஆட்டிவிடுகிறார். இன்னும் மூன்று வாரத்தில் தீபாவளி. எங்கள் தெருவில் பத்தாயிரம் வாலா போடுவதற்குப் போட்டியே நடக்கும். என்ன செய்யட்டும்?

அம்பத்தூர் ரகு

15 வருஷம் ஆகிவிட்டதே மேடம். பழசையே நினைத்துக்கொண்டிருந்தால் எப்படி? வடபழனி கோயிலுக்குக் கூட்டிப் போங்க, டிவி போட்டு விடுங்க, மறக்க வையுங்க.

முகாம் பொண்ணு

ரகு அண்ணா, கோயில் நல்லதுதான். மறக்கச் சொல்வதில்தான் எனக்குச் சண்டை. அந்தச் சத்தத்துக்கு, யோசிப்பதற்கு முன்னாலேயே உடம்பு விழுந்துவிடும். வன்னியில் அப்படிச் சட்டென்று விழுந்ததால் உயிர் தப்பியவர்கள் எத்தனையோ பேர்.

அக்கா, நான் 1990இல் 9 வயதில் படகில் வந்தவள். ராமேஸ்வரம், மண்டபம், அப்புறம் கும்மிடிப்பூண்டி முகாம். வந்த புதிதில் என் அம்மா ராத்திரியில் எழுந்து எங்களை எண்ணுவார். மூன்று பேர்தான் இருப்போம். மறுபடி எண்ணுவார். கவுன்சிலிங் என்ற சொல்லையே அப்போது கேள்விப்பட்டதில்லை. அம்மாவை வெளியே இழுத்து வந்தது பக்கத்து லைன் பெண்கள். அரிசியில் கல் நிறைய இருக்கும், சாயங்காலமானால் எல்லோரும் முறத்தோடு ஒரே வாசலில் உட்காருவார்கள். அம்மா பல மாதம் பேசாமல் கல் மட்டும் பொறுக்கினார். ஒரு நாள் பொறுக்கிக்கொண்டே, படகில் ஏறும்போது தம்பியின் கை நழுவியதைச் சொன்னார். ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கைகள் முறத்தில் ஓடிக்கொண்டே இருந்தன. யாராவது நிமிர்ந்திருந்தால் அம்மா நிறுத்தியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைப் பல வருஷமாக எழுதிவருகிறார். போரில் அடிபட்டது தனி ஆள் மட்டும் இல்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்துதான். அதனால் மருந்தும் ஊர் அளவில் வேண்டும் என்பது அவர் கருத்து. அங்கே ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தது அதற்காகத்தான்.

உங்கள் அன்ரிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மகன் காணாமல் போனவன். செத்துப்போனான் என்று அந்தியேட்டி (எங்கள் ஊர்க் கருமாதி) செய்யவும் மனம் வராது, ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கவும் முடியாது. உயிரோடு இருக்கிறான் என்றால் எங்கே? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அம்மாக்கள் 2017இலிருந்து காணாமல் போன பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, கேட்பது நீதி. ஆனால் பக்கத்தில் இன்னொரு படத்தோடு இன்னொரு அம்மா இருக்கிறார் என்பதும் ஒன்று. சென்னையில் உங்கள் அன்ரிக்கு அந்த இன்னொரு அம்மா இல்லை.

முதலில் உங்கள் மகளையே மாடிக்கு அனுப்புங்கள், கையில் மஞ்சள் பொடியோ ஆயின்மென்டோ கொடுத்து. "அன்ரி, நீங்க போட்டு விடுங்க" என்று கேட்கட்டும். வேறெதுவும் பேச வேண்டாம். தீபாவளிக்கு, அரசு அனுமதித்த நேரம் காலை 6-7, இரவு 7-8 என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள் (தெருவில் யார் கேட்கிறார்கள், அது வேற கதை). எதிர்பார்த்த சத்தம் கொஞ்சம் தாங்கும். விருகம்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பம் இருக்கிறது, தனிச்செய்தி அனுப்புகிறேன்.

எம்எஸ்டபிள்யூ இரண்டாம் வருடம்

அந்தக் கவுன்சிலர் செய்ததை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது உதவுவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம். போர், பேரிடர் காலத்து மனநல உதவி பற்றி 2007இல் வந்த சர்வதேச வழிகாட்டியில் ஒரு பிரமிடு வரும். அடியில் பாதுகாப்பும் சோறும் தண்ணீரும், அதற்கு மேல் குடும்பமும் அக்கம்பக்கமும். மருத்துவர் உச்சியில், கொஞ்சம் பேருக்கு. அந்தக் கொஞ்சம் பேரில் அன்ரி இருக்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, "செத்தாத் தேவலை" என்கிறார் என்றால் காத்திருக்காதீர்கள். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

வளசை வீட்டுக்காரி (2 நவம்பர் 2024)

மகள் மாடிக்குப் போனாள். சிராய்ப்பு ஆறிய பிறகும் தினமும் போகிறாள்.

தெருப் பையன்களிடம் சொல்லிப் பார்த்தேன், பாதிப் பேர் கேட்டார்கள். தீபாவளி சாயங்காலம் விருகம்பாக்கத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். பின்னறை ஜன்னலில் போர்வையை மாட்டிவிட்டு, அன்ரி அடுப்பில் ஒடியல் கூழ் (காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது). நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை என்று என்னென்னவோ போட்டார்கள். ஏழரை மணிக்கு ஒரு அணுகுண்டு. அன்ரி கையில் அகப்பை அப்படியே நின்றது. எனக்கு மூச்சே வரவில்லை. ஒருத்தரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் பானையையே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து வந்தவர்களில் ஒரு அம்மா, "உப்புக் காணுமோ, பாரும்" என்று கரண்டியை நீட்டினார். அன்ரி ஊதி ஊதிக் குடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் புளி விடலாம்" என்றார்.

பலா இலையில் குடிக்கத் தெரியாமல் என் மகள் புதுச் சட்டையெல்லாம் ஊற்றிக்கொண்டாள்.

அடுத்த மாதமும் வருகிறார்களாம். ஒடியல் மா சென்னையில் எங்கே கிடைக்கும், யாருக்காவது தெரியுமா?