புதுப்பிப்பு: மீன் இல்லாத மிசோ சூப், கசப்பு போய்விட்டது

மிசோ (புளிக்கவைத்த ஜப்பானிய சோயா விழுது) சூப் பற்றிப் போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: நம்ம மாசிக் கருவாடு மாதிரி இருக்கும் கட்சுவோபுஷி போடாமல், கொம்பு (கடற்பாசிதான், மாட்டுக் கொம்பு இல்லை) மட்டும் வைத்து டாஷி (சூப்புக்கு அடிப்படையான சாறு) எடுத்தால் கசப்பும் வழவழப்புமாக வருகிறதே, என்ன செய்ய? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"கொதிக்கவே விடாதீங்க, காளானும் சேருங்க" என்று ஓர் அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு, மூன்று காய்ந்த ஷிடாக்கே காளான். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில். காலையில் சிறு தீயில் வைத்து, பாத்திரத்தின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி எழும்பியதும் கொம்பை எடுத்துவிட்டேன். முன்பு ரசம் நினைப்பில் இருபது நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டது என் தப்பு. கொம்பின் மேலே இருந்த வெள்ளைப் பொடியைப் பூஞ்சை என்று தேய்த்துக் கழுவியதும் தப்புதான். ஈரத்துணியால் லேசாகத் துடைத்தாலே போதும்.

கொம்பில் குளுட்டமேட், காய்ந்த காளானில் குவானிலேட் என்று சுவை தரும் பொருள்கள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் உமாமி (இறைச்சிச் சாறு, காளான் போன்றவற்றில் வரும் சுவை) பல மடங்கு ஏறுகிறது. 1908ல் ஜப்பானிய வேதியியலாளர் இகேடா கிகுனே குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்ததே கொம்பிலிருந்துதான்.

உப்பைக் கூட்டச் சொன்ன யோசனை எனக்குச் சரிவரவில்லை, மிசோவிலேயே போதுமான உப்பு இருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: இத்தனை நாள் நான் வாங்கிய மிசோவிலேயே மீன் சாறு கலந்திருந்தது! டாஷி கலந்த மிசோவும் விற்கிறார்கள், பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். இப்போது வெறும் சோயா, அரிசி, உப்பு மட்டும் உள்ளதற்கு மாறிவிட்டேன். அடுப்பை அணைத்தபின்தான் கரைக்கிறேன்.

மிஞ்சிய கொம்பை மெலிதாக நறுக்கி, சோயா சாஸும் சர்க்கரையும் விட்டுச் சுண்ட வைத்தேன். சோற்றுக்கு நல்ல தொடுகறி.