ரோஸும் பச்சையும்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் கல்லூரிச் சங்கங்களான சொராரிட்டிகளை அருகிலிருந்து பார்த்த நம் ஆட்கள் மூன்று பேர் எழுதியது.

மேரிலாந்திலிருந்து

2020 ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளராகப் பேசினாரே, அதில் 'சித்தி' என்று சொன்னதும் எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் எங்கள் தலைமை நர்ஸம்மாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அறுபதைத் தாண்டியவர், கறுப்பினப் பெண்மணி. "அதுவா? எனக்குக் காதில் விழுந்தது வேறு" என்று சிரித்தார்.

திரும்பப் போட்டுக் கேட்டேன். குடும்பம் என்று கமலா அடுக்கிய வரிசையில் சித்திகளுக்குக் கொஞ்சம் தள்ளி ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவும் இருந்தது. எனக்கு அது ஏதோ கணக்குப் புத்தகச் சமாச்சாரம் மாதிரி கேட்டிருக்கிறது, விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு ஜனவரி 15 அன்றும் அந்த அம்மா ரோஸும் பச்சையும் உடுத்தி, முத்து மாலை போட்டுக்கொண்டு வருவார். ஏதோ விசேஷ வீட்டுக்குப் போகிறார் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். 1908இல் அதே நாளில் வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் எதெல் ஹெட்ஜ்மன் லைல் என்ற மாணவியும் தோழிகளும் தொடங்கிய சொராரிட்டிதான் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா; ரோஸும் பச்சையும் அதன் நிறங்கள். கறுப்பின மாணவிகளுக்கான முதல் சங்கம். நிறுவனர்கள் என்று 20 பேரைச் சொல்கிறார்கள், அதனால்தான் 20 முத்து. நம் ஊரில் கல்லூரி மன்றம் என்றால் ஃபேர்வெல் பார்ட்டியோடு சரி. இவர்களுக்கு அங்கேதான் ஆரம்பம். பட்டம் வாங்கியவர்களுக்கென்றே ஊருக்கு ஊர் கிளை இருக்கிறது. எங்கள் நர்ஸம்மா நைட் ட்யூட்டி முடித்துவிட்டு நேராகக் கூட்டத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா, சங்கத்தின் பிரபல உறுப்பினர்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். நாசாவில் கணக்குப் போட்ட கேத்தரின் ஜான்சன் இதில் உறுப்பினர். மே ஜெமிசன் 1992இல் விண்வெளிக்குப் போனபோது சங்கத்தின் கொடியையும் எடுத்துப் போனார். நர்ஸம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "டோரதி ஃபெரபீ தெரியுமா?" என்றார். தெரியவில்லை.

ஃபெரபீ ஒரு டாக்டர். 1935 கோடையில் இந்தச் சங்கத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு, மிசிசிப்பி டெல்டாவின் பருத்திக் காட்டுக் கூலி விவசாயிகளுக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்பினார். ரயிலில் டிக்கெட் தர மாட்டோம் என்றுவிட்டார்களாம். சொந்தக் கார்களை ஓட்டிக்கொண்டே போனார்கள். போன இடத்தில், ஆட்களைக் கிளினிக்குக்கு அனுப்ப மாட்டோம் என்று தோட்ட முதலாளிகள் மறித்தார்கள். சரி, கிளினிக்கே வரட்டும் என்று மருந்தையும் ஊசியையும் காரில் ஏற்றிக் காட்டுக்கே போய்விட்டார்கள். அம்மைக்கும் தொண்டை அடைப்பான் நோய்க்கும் ஊசி. 1942 வரை, வருஷா வருஷம் கோடையில், விடுமுறையை விட்டுவிட்டு.

"அந்தக் காருக்கு முன்னால் வரிசையில் நின்ற பிள்ளைகளில் என் அம்மாவும் ஒருத்தி" என்றார் நர்ஸம்மா. என் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஹூஸ்டனிலிருந்து

நீங்கள் ரோஸ் கட்சி, நான் சிவப்புக் கட்சி. எனக்கு வீடு வாடகைக்குக் கொடுத்த டீச்சரம்மா டெல்டா சிக்மா தீட்டா சங்கத்துக்காரர். அதுவும் ஹோவர்டில் பிறந்ததுதான், 1913 ஜனவரியில், 22 மாணவிகள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 3இல் வாஷிங்டனில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு நடந்த ஊர்வலத்தில் இறங்கிவிட்டார்கள். (கறுப்பினத்தவரின் இந்த மாதிரிக் கல்லூரிச் சங்கங்களில் பெண்கள் சங்கம் நாலு, ஆண்கள் சங்கம் ஐந்து, எல்லாம் சேர்த்து 'டிவைன் நைன்'. எந்தக் கூட்டத்தில் எந்த நிறம் போட வேண்டும் என்று எனக்கு இன்னமும் குழப்பம்தான்.)

ஒருமுறை டீச்சரம்மா ஆஸ்டின் விமான நிலையத்தில் பார்பரா ஜோர்டன் சிலை அருகே ஓடிப்போய், கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டு நின்று பேசினார். விமானத்துக்கு நேரமாகிறது, எனக்குப் படபடப்பு. ஜோர்டன் ஹூஸ்டன்காரர். டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே டெல்டாவில் சேர்ந்தவர். 1966இல் டெக்சஸ் செனட்டுக்கும் 1972இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் ஜெயித்தவர். "உங்கள் பழைய உறுப்பினரா?" என்று தெரியாமல் கேட்டுவிட்டேன். "பழைய என்று எதுவும் கிடையாது தம்பி, அவர் என் சோரோர்" என்றார். சோரோர் என்றால் சகோதரி. தங்களுக்குள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அட்லாண்டாவிலிருந்து

என்னுடையது கொஞ்சம் அசட்டு அனுபவம். தெரிந்தவர் வீட்டு வளைகாப்புக்கு என் நிச்சயதார்த்தப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். ரோஸ் உடல், பச்சை பார்டர், காஞ்சிபுரம். வழியில் தயிர் வாங்கக் கடையில் இறங்கியவளைப் பார்த்து, பின்னாலிருந்து ஒரு வயதான அம்மா உச்சக் குரலில் "ஸ்கீ-வீ!" என்று கூவினார். பாக்கெட் கையிலிருந்து நழுவிவிட்டது.

நானும் சிரித்துக்கொண்டே அதையே திருப்பிக் கூவப் போனேன். நல்ல வேளை, அதற்குள் என் முகத்தைப் பார்த்து அவரே புரிந்துகொண்டார். அது அவர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் குரல், உறுப்பினர் அல்லாதவர்கள் விளையாட்டுக்குக்கூடக் கூவுவதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஓய்வுபெற்ற நீதிபதியாம். ஐம்பது வருஷமாக ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில் இருக்கிறார். கேத்தரின் ஜான்சனை ஒரு கூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாராம். 101 வயதில், 2020 பிப்ரவரியில் அவர் போனதைச் சொல்லும்போது 'இறந்தார்' என்று சொல்லவில்லை. 'மதிலுக்கு அப்பால் படர்ந்த ஐவிக்கொடி' என்றார். ஐவி அவர்களின் சின்னம்.

பார்டரை விரலால் தடவிப் பார்த்து, "இது எங்கள் ஆப்பிள் பச்சையேதான்" என்றார். நான் கிளிப்பச்சை என்றேன். கவுன்ட்டரில் பணம் கட்டும் வரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.