மூத்த போர்வீரர் பாடும் போர்க்காலப் பாடல்கள் யாருக்குப் பயன்படுகின்றன?

வானொலிநேசன்:
இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் முதியவர் ஒருவர், நினைவுநாள் நிகழ்ச்சியில் அக்காலப் பாடல்களைப் பாடிய காணொளியைப் பார்த்தேன். போர் முடிந்து வீடு திரும்பும் நாளுக்கான ஏக்கமே அவற்றில் நிறைந்திருந்தது. பிரிவைத் தாமே அனுபவித்தவர் பாடுவதைக் காட்டிலும் போருக்கு எதிராக வலுவான குரல் வேறு இல்லை என்பது என் கருத்து.

நடுப்பக்கம்:
உடன்பட இயலவில்லை, ஐயா. 1939இல் பிரிட்டிஷ் பாடகி வேரா லின் பாடிய 'வீல் மீட் அகெய்ன்' (மீண்டும் சந்திப்போம்) போரை நிறுத்தச் சொல்லவில்லை. மீண்டும் சந்திக்கும்வரை பொறுத்திருக்கவே சொன்னது. 1944இல் அவர் பர்மா போர்முனைக்கே சென்று படையினர் முன் பாடினார். ஏக்கத்தை ஆற்றி, வீரனை மறுபடியும் களத்தில் நிற்கவைப்பதற்கும் அந்தப் பாட்டு உதவியது.

வானொலிநேசன்:
வெறும் ஆறுதல்தான் என்றால் அதிகாரத்தில் இருந்தவர்கள் ஏன் எரிச்சலடைந்தார்கள்? 1915இல் ஹான்ஸ் லைப் என்ற ஜெர்மானியப் படைவீரர் எழுதிய கவிதைதான் 'லில்லி மார்லீன்'. 1939இல் ஜெர்மானியப் பாடகி லாலே ஆண்டர்சன் குரலில் இசைத்தட்டாக வந்த அந்தப் பாடலை, 1941 முதல் ஜெர்மானியர் வசமிருந்த பெல்கிரேடு வானொலி இரவுதோறும் ஒலிபரப்ப, வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் எதிரெதிரே நின்ற இரு படையினரும் கேட்டனர். நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுக்கு அது அறவே பிடிக்கவில்லை.

நடுப்பக்கம்:
கேட்டார்கள், அதை நான் மறுக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டுப் போரிட்டார்களே!

பின்வரிசை:
அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். கடைசிப் பாடலில் மூச்சு வாங்கியதால் பெரியவர் நிதானமாகப் பாட, வாத்தியக் குழு முந்திக்கொண்டு போனது. கூட்டம் சிறு கொடிகளை அசைத்தபடி தாளத்துக்குக் கைதட்டியது. அவர் உள்ளங்கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லியும் (உற்சாகப்படுத்துகிறார் என்று எண்ணினார்கள் போலும்) கைதட்டல் கூடியதே தவிர ஓயவில்லை. இறுதி வரிகளை அவர் பாடவில்லை, பேசிவிட்டு அமர்ந்தார். அவர் இழந்தவர்களை நினைத்துப் பாடினார். கூட்டமோ வென்ற போரைக் கொண்டாடியது. எனவே குறை பாடலிலும் இல்லை, பாடியவரிடமும் இல்லை என்பேன்.

நடுப்பக்கம்:
இதை ஏற்கிறேன். ஆனால் அப்படிக் கொண்டாட இடம் தராத பாடல்களும் உள்ளன. சோவியத் கவிஞர் ரசூல் கம்சதோவ் ஹிரோஷிமா சென்று வந்தபின் எழுதி, 1969இல் சோவியத் பாடகர் மார்க் பெர்ன்ஸ் பாடிய 'கொக்குகள்' பாடலில், களத்தில் மாண்டவர்கள் வெண்கொக்குகளாகப் பறந்து போகிறார்கள். அதற்கு யாரும் கொடியசைக்க மாட்டார்கள். இத்தகையவற்றையும் நிகழ்ச்சியில் சேர்க்கலாமே?

வானொலிநேசன்:
சேர்க்கலாம். ஆயினும் இருபது வயதில் தம்மைத் தாங்கிய பாடலை விட்டுவிட்டு, நமக்கு ஏற்ற பாடலைப் பாடுமாறு அவரிடம் கேட்பது முறையன்று. பாடல்களுக்கு நடுவே அவர் பேசுவதற்கு நேரம் ஒதுக்குமாறு நிகழ்ச்சி நடத்துவோரிடம்தான் கேட்க வேண்டும்.