நாலு கோழிக்குக் கூடு: கடையில வாங்குறதா, ஆள் வச்சு அடிக்கிறதா?

தெஹிவளை_செல்வி:
வீட்டுக்குப் பின்னால பத்தடிக்கு எட்டடி நிலம் சும்மா கிடக்கு. 2023ல இந்தியாவில இருந்து முட்டை இறக்கின நேரமே நாலு கோழி வளர்க்கோணும் எண்டு நினைச்சனான், இப்பதான் சரிவருது. ஒன்லைன்ல ஒரு மரக்கூடு பார்த்தன், மூண்டடிக்கு ஒண்டரை அடி, பச்சைக் கூரை, நாலில இருந்து ஆறு கோழி விடலாம் எண்டு போட்டிருக்கினம். பார்க்க வடிவாத்தான் இருக்கு. இதை வாங்கட்டோ, வெல்டிங் ஆளைப் பிடிச்சு அடிக்கட்டோ? சேவல் வேண்டாம், பக்கத்து வீட்டில கைக்குழந்தை.

மட்டக்குளி_ராஜா:
வாங்காதீங்க அக்கா. மூணடிக்கு ஒன்றரை அடின்னா மொத்தமே நாலரை சதுர அடி, நாலு கோழிக்குப் பிரிச்சா ஒன்னுக்கு ஒரு சதுர அடி கொஞ்சம் மிச்சம். கூட்டுக்குள்ள மட்டும் ஒரு கோழிக்கு நாலு சதுர அடி வேணும், மழை நாள்ல நாள் முழுக்க உள்ளதான் நிக்கும், நெருக்கம் கூடினா ஒன்னையொன்னு கொத்தி இறகு பிடுங்கும், ரத்தம் கண்டா விடவே விடாது. பொக்ஸ் பார்ல, அதான் சதுர இரும்புக் குழாய்ல, நாலடிக்கு நாலடி சட்டம் அடிச்சு, கால் ரெண்டடி தூக்கி, அரை இன்ச் வெல்ட் மெஷ் (கம்பியை ஒட்டிச் செஞ்ச கெட்டியான சதுர வலை) சுத்திப் போடுங்க. அந்த ரெடிமேட் கூட்டுல வாறது ஆறு மூலை ஓட்டை வச்ச மெல்லிய கோழி வலை, அது கோழி வெளிய போகாம இருக்கத்தான், மரநாய் உள்ள வராம இருக்க இல்ல.

கொட்டாஞ்சேனை_பாலா:
ராஜா சொல்ற அளவு பண்ணைக்காரங்களுக்கு சரி. வாடகை வீட்டுல இருக்கிறவங்க என்ன செய்றது? நாலு கால் கொங்கிரீட்ல நட்டு வச்சா வீடு மாறும்போது விட்டுட்டுத்தான் போகணும். எங்க வீட்டுல ரெடிமேட் கூடுதான், ரெண்டு பேர் தூக்கி எங்கயும் வைக்கலாம். கோழி ராத்திரி தூங்கத்தானே கூட்டுக்குள்ள போகுது, பகல்ல முத்தத்துல மேயட்டும். வலை மெல்லிசுன்னா அதைக் கழட்டிட்டு மெஷ் அடிச்சிடலாம், அதுக்காக முழுக்கூட்டையும் வேண்டாம்னு சொல்றது எனக்கு சரின்னு படல.

வெள்ளவத்தை_மாமா:
எங்கட ஊரில கூடு எண்டு ஒண்டும் இல்லை பிள்ளையள். கோழி பொழுதுபட்டா முருங்கையில ஏறிப் படுக்கும், குஞ்சுக்கோழியை மட்டும் கடகத்தால கவிட்டு மூடுவம். நெருக்கி அடைச்சு வச்சா நோய் கெதியாப் பரவும்.

மட்டக்குளி_ராஜா:
மாமா, ஊர் வளவும் தெஹிவளை முத்தமும் ஒன்னா? கோழிக்கு ராத்திரி கண் சரியாத் தெரியாது, மரத்துல இருந்தா மரநாய் ஏறி வந்தாலும் தப்பி ஓட முடியாது. பகல்ல கீரி. கால்வாய்க்கரைப் பக்கம்னா கபரகொய்யா (தண்ணியில வாழுற பெரிய உடும்பு) வேற, முட்டையையும் குஞ்சையும் முழுங்கிட்டுப் போயிடும். பாலா, பகல்ல மேய விடலாம்னு நீங்க சொல்றது வீட்டுல ஆள் நிக்கிற நாளுக்குத்தான். அக்கா வேலைக்குப் போற ஆளா இருந்தா?

தெஹிவளை_செல்வி:
ஓம், ரெண்டு பேரும் வேலை. பின்னேரம் ஆறுக்குப் பிறகுதான் வருவம்.

வத்தளை_அக்கா:
அப்ப ராஜா சொல்ற அளவுதான் தங்கச்சி, அதுல நான் அவர் பக்கம். ஆனா காத்தைப் பத்தி யாருமே பேசல. கொழும்பு வெக்கைக்கு நாலு பக்கமும் பலகை அடிச்ச கூடு அடுப்புதான், கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். கூரைக்குக் கீழ சுத்திவர ஆறு இன்ச் மெஷ்ஷோட திறந்து விடணும். குனிஞ்சு உள்ள மூக்கை வச்சா மூத்திர நாத்தம் மாதிரி கண்ணெரியுதுன்னா அது அமோனியா, அந்த அளவுக்கு வரவே விடக்கூடாது. தகரக்கூரைன்னா மேல கிடுகு போடுங்க. மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் மழை தென்மேற்குல இருந்து சாஞ்சடிக்கும், கதவை அந்தப் பக்கம் வைக்காதீங்க, கூரையும் ஒன்றரை அடி வெளிய நீட்டி இருக்கணும்.

கொட்டாஞ்சேனை_பாலா:
காத்து விஷயம் சரி. ஆனா அடியில என்ன போடப் போறீங்க? வெல்ட் மெஷ்தான்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். கம்பி மேலயே நின்னு நின்னு பாதம் புண்ணாகி, சீழ் கட்டி, ஒரு உருண்டை மாதிரி வீங்கும், பக்கத்து வீட்டுல கண்ணால பார்த்தேன், அந்தக் கோழி கடைசியில நொண்டி நொண்டி இரைக்கே வரல.

மட்டக்குளி_ராஜா:
மெஷ் எலிக்கும் பாம்புக்கும், கோழி நிக்க இல்ல. மெஷ்ஷுக்கு மேல பலகை, அதுக்கு மேல நாலு இன்ச் உமி. உமி கிடைக்காட்டி மொரட்டுவைப் பக்கம் தச்சுப் பட்டறைகள்ல மரச்சீவல் எடுக்கலாம், மாவு மாதிரி மரத்தூள் வேணாம், மூச்சுக்குக் கூடாது. கோழி உக்காரத் தடி ரெண்டு இன்ச் அகலம், விளிம்பை உருட்டி விடுங்க, ஆளுக்குப் பத்து இன்ச்னா நாலடிக்குள்ள நாலும் உக்காரும். தடி முட்டைப் பெட்டியை விட உயரத்துல இருக்கணும், இல்லாட்டி பெட்டிக்குள்ளயே படுத்து எச்சம் போட்டு முட்டையெல்லாம் அழுக்காகும். நாலு கோழிக்கு ஒரு அடிக்கு ஒரு அடிப் பெட்டி ஒன்னு போதும்.

வெள்ளவத்தை_மாமா:
தடி விஷயம் நல்லது. ஆனாலும் பின்னேரத்தில ஒரு மணித்தியாலமாவது வெளிய விடு பிள்ளை, மண் கிண்டாத கோழி கோழியே இல்லை.

வத்தளை_அக்கா:
மாமா சொல்றது உண்மை, மண்ணுல புரண்டாத்தான் செள்ளும் உதிரும். இன்னொன்னு, தண்ணிப் பாத்திரத்தை ஒவ்வொரு நாளும் ஊத்திக் கழுவுங்க, கூரைக்குப் போடுற தறப்பாள் மடிப்புல தண்ணி நிக்க விடாதீங்க. நுளம்பு முட்டையில இருந்து பறக்க ஒரு கிழமை பத்து நாள் போதும், டெங்கு பார்க்க பீஎச்ஐமார் (சுகாதாரப் பரிசோதகர்மார்) வந்தா முதல்ல தேடுறது இதைத்தான்.

தெஹிவளை_செல்வி:
சரி, வெல்டிங்தான். நாலுக்கு நாலு, அரை இன்ச் மெஷ், பலகைக்கு மேல உமி. எங்களுக்கும் வாடகை வீடுதான், அதால காலை நடேல்ல, துருப் பிடிக்காத மாதிரி கல்லுக்கு மேல வைப்பம்.

கொட்டாஞ்சேனை_பாலா:
அப்ப ஒன்னு மட்டும் கேளுங்க, ஒரே சட்டமா அடிக்க விடாதீங்க. உங்க ஒழுங்கையையும் பின்கதவையும் முதல்ல அளந்து பாருங்க, நாலடி உள்ள போகாதுன்னா பக்கம் பக்கமா அடிச்சு நட் போல்ட் போடச் சொல்லுங்க, வீடு மாறும்போது கழட்டவும் முடியும். கதவுக்கு சும்மா கொக்கி வேணாம், கொண்டி போட்டுப் பூட்டுங்க, மரநாய் முட்டித் தள்ளினா கொக்கி கழண்டிடலாம்.