வெட்கத்துக்கு ‘பேஷ்ஃபுல்’ போட்டால் ஏன் தப்பு?

குடியாத்தம் வாசகி:
‘பேஷ்ஃபுல்’ என்றால் வெட்கப்படுகிற, கூச்சமுள்ள என்று அகராதியில் இருக்கிறது. ஆனால் பையன் ‘ஐ ஆம் பேஷ்ஃபுல் ஃபார் மை மிஸ்டேக்’ என்று எழுதியதை டீச்சர் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார். என்ன தப்பு? பேசாமல் ‘ஷை’ என்றே எழுதச் சொல்லட்டுமா?

காட்பாடிக்காரன்:
ஷை போட்டாலும் தப்புதாங்க. வம்பு நம்ம ‘வெட்கம்’ என்ற சொல்லில் இருக்கு. பொண்ணு பார்க்க வந்த இடத்தில் தலை குனிவதும் வெட்கம். ‘கடன் வாங்கிட்டு ஏமாத்துறியே, வெக்கமா இல்ல?’ என்பதும் வெட்கம். இங்கிலீஷில் முதலாவதுக்குத்தான் ஷை, பேஷ்ஃபுல் எல்லாம். இரண்டாவதுக்கு ‘அஷேம்ட்’. செய்த தப்புக்கு அதுதான் வரும்.

பேஷ்ஃபுல் முகத்தில் தெரிகிற கூச்சம்: கண் தரையைப் பார்க்கும், பாதிச் சிரிப்பு வரும். அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளிகிற குழந்தையை நினைச்சுக்கோங்க. ‘எ பேஷ்ஃபுல் ஸ்மைல்’ என்று எழுதுவது அதனால்தான். ஷை பொதுச்சொல், பேச்சில் அதுதான் அதிகம். பேஷ்ஃபுல்லில் கொஞ்சம் பழைய வாசனை, கொஞ்சம் செல்லம். இன்டர்வியூவில் தன்னைப் பற்றி ‘பேஷ்ஃபுல்’ என்று சொல்ல வேண்டாம், ‘ரிசர்வ்ட்’ (அதிகம் பேசாதவர்) போதும்.

விருந்தாளி இரண்டாவது மக்கன்பேடாவுக்குத் தயங்கினால் ‘டோன்ட் பி பேஷ்ஃபுல்’ எனலாம். நம்ம ‘கூச்சப்படாம எடுத்துக்கோங்க’ அப்படியே அதுதான்.

ஆற்காடு இலக்கணம்:
அடிக்கிற ‘பேஷ்’ஷுக்கும் இதுக்கும் உறவில்லை. கூசிப்போக வைப்பது ‘அபேஷ்’. அதன் முதலெழுத்து உதிர்ந்து ‘ஃபுல்’ ஒட்டிக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டுச் சொல். உச்சரிப்பில், பையைச் சொல்லும் ‘பேக்’கில் வரும் குறுகிய ஒலி, அழுத்தம் முதல் அசையில். சாப்பாட்டைப் புகழும் ‘பேஷ் பேஷ்’ மாதிரி நீட்டக் கூடாது. எழுதும்போது கடைசியில் ஒரே ‘எல்’. ‘பேஷ்ஃபுல்லி’ ஆனால் இரண்டு.

பிள்ளைங்க அதிகம் கோட்டை விடுவது வினைச்சொல்லில். ‘அவளுக்குக் கூச்சம்’ என்பதில் வினையே கிடையாது; அதே பழக்கத்தில் ‘ஷீ ஷை’ என்று எழுதிடறாங்க. நடுவில் ‘இஸ்’ வேணும். ‘ஃபீலிங் ஷைனஸ்’ஸும் வேண்டாம். கேட்கக் கூச்சம் என்றால் ‘டூ ஷை டு ஆஸ்க்’.

‘காய்’ என்று ஒண்ணு இருக்கு (மாங்காய் இல்லை, பையனைச் சொல்லும் இங்கிலீஷ் ‘பாய்’ மாதிரி சொல்லணும்). அது பெரும்பாலும் வெட்கப்படுகிற மாதிரி பாவனை செய்வது. அதைப் பாராட்டா எழுதிடாதீங்க.

குடியாத்தம் வாசகி:
அப்போ ‘ஐ ஆம் அஷேம்ட் ஃபார் மை மிஸ்டேக்’ சரியா?

காட்பாடிக்காரன்:
‘அஷேம்ட் ஆஃப்’ங்க. ‘ஃபார்’ போட்டுப் பின்னால் ஆளைச் சொன்னால், அவருக்காக நீங்க கூசிப்போறதா அர்த்தம் மாறிடும்.