பசியாற்றியா, பசியடக்கியா? திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே, வணக்கம்.
எடையைக் குறைக்கத் தரும் ஒரு மருந்துக்கு நோயாளர் கையேட்டைத் தமிழாக்குகிறேன். திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. சாப்பிடும் ஆசையைக் குறைக்கும் மருந்துவகைக்குப் "பசியாற்றி" என்று போட்டிருந்தேன். அத்தையிடம் படித்துக் காட்டினால், "சாப்பாட்டுக்குப் பதிலா குடிக்கிறதாப்பா?" என்கிறார்.
– க.

> பசியாற்றி

அத்தை சொல்வது வழக்கு. ஆனால் குறள் 225-இல் "ஆற்றுவார் ஆற்றல் பசியாற்றல்" என்பது உண்ணாமல் பொறுப்பது. பசியை உணவிட்டு 'மாற்றுவார்' அதற்குப் பின்தான் வருகிறார். ஆக வள்ளுவர் கணக்கில் பசியாற்றுபவர் சாப்பிடாதவர்! சூடு ஆறுகிறது, புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது. ஓடும் ஆற்றுக்கும் இதே வேர்தானோ என்று...
– பே.

ஐயா, நீங்கள் ஆற்றில் இறங்கிவிட்டீர்கள். க.வோ திங்களன்று கரையேற வேண்டும்.
நான் மருந்தாளுநர். வயிறு நிறைந்த பிறகும் இன்னொரு வாய் கேட்கிறதே, அது பசியா? செமாகுளுடைடு போன்ற எடைக்குறைப்பு மருந்துகள் மூளையில் பசியும் நிறைவும் உணரும் இடங்களில் வேலை செய்கின்றன. இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகின்றன. "உண்வேட்கைக் குறைப்பி" என்றால்தான் இரண்டும் அடங்கும்.
– ந.

உண்வேட்கைக்கு அகராதி புரட்டுவதற்குள் மருந்தே தீர்ந்துவிடும். "பசியடக்கி" போதும். மண்வெட்டி போல இகர விகுதி, இலக்கணமும் இடறவில்லை.
– இ.

அடக்கியது மீண்டும் எழும். "பசித்தணிப்பி" என்போம். மணிமேகலையில் காயசண்டிகைக்கு வந்த தீராப்பசி 'யானைத்தீ'. தீ என்றால் தணிப்பதுதானே முறை?
– பே.

யானைத்தீயணைப்பி என்று வைத்துவிடலாமா ஐயா?
– இ.

எழத்தான் செய்கிறது. மருந்தை நிறுத்தினால் பலருக்குப் பசியும் திரும்புகிறது, எடையும் திரும்புகிறது. அந்த அளவில் 'அடக்கி' நேர்மையான சொல். என் கவலை வேறு. ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997-இல் விலக்கப்பட்டது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-இல் சிபுட்ரமின் போனது. இவையும் பசியடக்கிகள்தாம். பொதுப்பெயரை மட்டும் எழுதினால் எல்லாம் ஒன்றென்று படும். ஒவ்வோரிடத்திலும் மருந்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.
– ம. (மருத்துவர்)

மருந்தின் பெயரைச் சேர்த்துவிட்டேன். தலைப்பில் "பசியடக்கி மருந்து", முதலில் வருமிடத்தில் "சாப்பிடத் தோன்றுவதைக் குறைப்பது" என்று ஒரு விளக்கம். ந. அக்கா மன்னிக்கவும், உண்வேட்கை கட்டத்துக்குள் அடங்கவில்லை. கோப்பு போயாயிற்று.
– க.

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.
– பே.

பதிந்தோம். ஆனால் ஐயா, இடிதாங்கியில் ஒற்று மிகவில்லை, உங்கள் பசித்தணிப்பியில் மட்டும் ஏன் மிகுந்தது?
– இ.

பூச்சிக்கொல்லியில் மிகவில்லையா? விரிவாக நாளை எழுதுகிறேன்.
– பே.